சுவரில் இறங்கிய அம்மன்

துறையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பேச வரச்சொல்லி இப்போதும் என்னைக் கூப்பிடுகிறார்கள். போய் உட்கார்ந்த உடனே ஒரு கை உயரும். "மேடம், ஓவியத்து மேல இருந்த சுண்ணாம்ப எடுக்க என்ன கெமிக்கல் யூஸ் பண்ணீங்க?" எனக்குச் சுர்ரென்று ஏறும். கெமிக்கலாம் கெமிக்கல்! சுவரை எப்படியாவது வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். சுவருக்குச் சொந்தக்காரர்களை வழிக்குக் கொண்டுவர எந்தக் கடையில் மருந்து விற்கிறது? அதைக் கேட்க ஒரு பிள்ளைக்கும் தோன்றுவதில்லை.

நான் சாமளாபுரத்துக்காரி. அப்பா பவர்லூம் ஓட்டினார். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, பழைய கட்டடங்களையும் சுவர் ஓவியங்களையும் பாதுகாக்கிற அரசுப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தேன். "கோயில் சொவரு கழுவறதுக்கா இத்தன படிப்பு?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு, மற்ற நாளெல்லாம் கோயில் என்று தம்பி கேலி செய்வான். ஆரம்ப வருடங்களில் பிரஷ் கழுவினேன், சுண்ணாம்பு ஊறவைத்தேன், சாரத்தில் ஏறி இறங்கி முழங்காலைக் கெடுத்துக்கொண்டேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை என்று நான் கற்றுக்கொண்டது வசந்தா மேடத்திடம்தான்.

மேடம் எங்கள் பிரிவின் தலைமைக் கெமிஸ்ட். சென்னைக்காரர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, அதில் ஒரு கசங்கல் இருக்காது. புது இடத்துக்குப் போனால் முதல் நாள் முழுக்க ஒரு மடக்கு நாற்காலியைச் சுவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிடுவார். தொடமாட்டார், பேசமாட்டார். நாங்களும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். வெயில் நகர நகரச் சுவரில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரியுமாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் கால் வலி. மறுநாள் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, நடுவிரல் கணுவால் சுவரை லேசாகத் தட்டிக்கொண்டே போவார். காது சுவரோடு ஒட்டியிருக்கும். பூச்சு கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிற இடம் 'டக்' என்று அடங்கிவிடும். பிடி விட்ட இடம் காலித் தகர டப்பா போலச் சத்தம் கொடுக்கும். "மேரி, கேட்டியா?" என்பார். கேட்கவில்லை என்றால் திட்டமாட்டார், மறுபடி தட்டுவார். கேட்கிற வரைக்கும் தட்டுவார். அதற்குத் திட்டே தேவலை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு திருப்பூரில் எக்ஸ்போர்ட் கொழித்த வருடங்கள் அவை. பனியன் கம்பெனிகளில் பணம் புரண்டது, சுற்றுவட்டாரத்தில் மாதத்துக்கு ஒரு கோயிலில் கும்பாபிஷேகம். கும்பாபிஷேகம் என்றாலே எங்களுக்குப் பயம். கல் தூணுக்கு எனாமல் பெயிண்ட், கருங்கல் தரைக்கு மார்பிள், சுவருக்குப் பாத்ரூம் டைல்ஸ். நாங்கள் போய்க் கெஞ்சுவோம். கொங்கு நாட்டு மரியாதை எப்படிப்பட்டது என்று எல்லாருக்கும் தெரியும். நாற்காலி போடுவார்கள், இளநீர் வெட்டித் தருவார்கள், சொன்னதற்கெல்லாம் "சரிங்க, அப்படியே பண்ணீர்லாமுங்க" என்பார்கள். நாங்கள் பஸ் ஏறிய பிறகு அவர்கள் நினைத்ததைச் செய்வார்கள். மூஞ்சிக்கு நேராக "முடியாது, போ" என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பெருமாநல்லூரை ஒட்டிய ஒரு ஊரில் அப்படி ஒரு கோயில். ஒரு கூட்டத்து, அதாவது ஒரே குலத்துப் பங்காளிகளின் குலதெய்வம், அம்மன். எங்கள் துறையின் பாதுகாப்பில் இருந்த கோயில் அல்ல. ஊரார் கூப்பிட்டால் போகலாம், போ என்றால் வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் எங்கள் அதிகாரம். திருப்பணிக்குத் தலைமை பழனிச்சாமி அண்ணன், பிளீச்சிங் பட்டறை வைத்திருந்தவர். நல்ல மனிதர், தாராளக் கை. எங்களைக் கூப்பிட்டதும் அவர்தான். எதற்குத் தெரியுமா? அவர் கண்டுபிடித்த முறையைக் காட்டுவதற்கு.

"ஏனுங் மேடம், இந்தத் தூணப் பாருங்க. எண்ணெப் பிசுக்கு ஏறிக் காடாத் துணியாட்டக் கெடந்துச்சுங்க. நம்ம பட்டறைல துணிக்குப் போடற மாதிரியே ஆசிட்டு, பிளீச்சிங், அப்பறம் ஒரு சோப்பு வாஷுங்க. எப்பிடிப் பளீர்னு ஆயிருச்சு பாருங்க!"

துணியை வெளுப்பது போலக் கல்லை வெளுத்திருக்கிறார்! உலகத்தில் வேறெந்த ஊர்க்காரனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. தூண் வெளுப்பாகத்தான் இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் சிற்பத்தின் விரல்கள் மொழுக்கென்று தேய்ந்திருந்தன, அடியில் மஞ்சளாகத் துரு கசிந்து உப்புப் பூத்துக்கொண்டிருந்தது. விரலால் தொட்டேன், மாவாக வந்தது. மேடம் என் விரலில் ஒட்டிய மாவைப் பார்த்தார். பிறகு, "மீதித் தூண்களை நாங்கள் செய்கிறோம்" என்று மட்டும் சொன்னார். "சரிங்க, தாராளமாங்க" என்றார் அண்ணன்.

முன்மண்டபத்தின் வடக்குச் சுவர் வெறும் வெள்ளை. வருடா வருடம் நோன்பித் திருவிழாவுக்குச் சுண்ணாம்பு அடித்து அடித்துத் தோசை மாதிரி தடித்துக் கிடந்தது. மேடம் அதற்கு எதிரேயும் நாற்காலியைப் போட்டார். மறுநாள், "இங்கே தீப்பெட்டி அளவுக்குத் திற" என்றார். ஸ்பிரிட் கலந்த தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி, கத்தியைச் சுவரோடு சுவராகப் படுக்கவைத்து, ஒவ்வொரு பொருக்காக நெம்பினேன். அவசரப்பட்டுக் கத்தியை நிமிர்த்தினால் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும். சாயங்காலம் அந்தத் தீப்பெட்டிக்குள் மெட்டி போட்ட ஒரு கால் விரல் தெரிந்தது. அதற்கு மேலே ஒரு முழுக் கால் இருக்க வேண்டுமே! அன்றிலிருந்து எனக்குச் சோறு தண்ணி நினைப்பு இல்லை.

வாரக்கணக்காக உரித்தோம். அம்மன் உட்கார்ந்திருந்தாள். அரக்குச் சேலை, தோளில் பச்சைக்கிளி, மருதாணி வைத்த கை, பாதத்துக்குக் கீழே திமில் வைத்த காளை ஒன்று. முகம் சற்றே சாய்ந்து, யாரோ சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி. மேடம் யாரையும் எதையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கு, "இந்தப் பக்கத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை, மேரி" என்றார். பிறகு கன்னத்துக்குப் பக்கத்தில் தட்டினார். காலி டப்பா. கன்னம், காது, கிளி வரைக்கும் பூச்சு கல்லை விட்டுப் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஊசி வழியாகச் சுண்ணாம்புக் கரைசலை உள்ளே செலுத்தி ஒட்டவைக்காவிட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் முகம் தரைக்கு வந்துவிடும்.

அதற்குள் பாலாலய நாள் வந்து நின்றது. திருப்பணி ஆரம்பிக்கும்போது மூலவரிடமிருந்து சக்தியைக் கும்பத்தில் வாங்கி, ஒரு அத்திப் பலகையில் இறக்கி, அதற்குத்தான் பூஜை செய்வார்கள். வேலை முடிந்து கும்பாபிஷேகத்தன்று திரும்ப மூலவருக்கே கொண்டுபோவார்கள். இடைப்பட்ட காலத்தில் சாமி பலகையில் இருப்பதால் கட்டடம் வெறும் கட்டடம். கடப்பாரை போடக் கூச்சம் தேவையில்லை.

"பாலாலயம் முடிஞ்சுட்டா அப்பறம் வெறும் சொவருதானுங்க" என்றார் பழனிச்சாமி அண்ணன். "மறுநாளே டைல்ஸ் ஆளுக வர்றாங்க. ஆள் ஒசரத்துக்கு ஒட்டீட்டா, அபிசேகத் தண்ணி தெறிச்சாலும் தொடச்சுக்கலாமுங்க."

"ஓவியம்?" என்றேன்.

"படந்தானுங்களே அம்மணி. நல்ல பெயிண்டரா வெச்சு அதுக்கு மேல புதுசா எழுதிக்கலாமுங்க. சரிங்களா?"

நான் கத்தினேன். கெஞ்சினேன். இளநீர் வந்தது. என்னத்தைச் சொல்ல!

மேடம் கத்தவில்லை. குருக்களைத் தேடிப்போனார். குருக்களுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், ஒல்லியான உடம்பு, டி.வி.எஸ். பிஃப்டியில் வருவார், பிரசாதப் பொங்கலை எங்களுக்குக் கொடுத்துவிட்டுத் தனக்குச் சர்க்கரை வியாதி என்று ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். "பாலாலயத்தை அத்திப் பலகையில்தான் செய்ய வேண்டுமா? சித்திரத்திலும் செய்யலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேனே" என்றார் மேடம்.

குருக்கள் கண்ணை மூடி யோசித்தார். "பண்ணலாமுங்க மேடம். படத்துல எறக்கறது வழக்கத்துல இருக்குதுங்க."

"இந்த அம்மனிடமே?"

அவர் சுவரைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். சிரித்துவிட்டார். பாலாலயத்துக்குக் குறித்த முகூர்த்தத்திலேயே அம்மன் வடக்குச் சுவருக்கு வந்தாள். டைல்ஸ் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சாமி இருக்கிற சுவரில் எவன் உளி வைப்பான்? எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

சந்தோஷம் ஒரு ராத்திரிதான். மறுநாள் காலையில் ஊசியும் கரைசலுமாகப் போனேன். குருக்கள் குறுக்கே வந்து நின்றார்.

"இப்ப அது சொவரு இல்லீங்க அம்மணி. தொடக்கூடாதுங்க."

"நான் சர்ச்சுக்குப் போறவங்கறதாலயா?"

"அய்யய்யோ, அதுக்கில்லீங்க. அண்ணனே வந்தாலும் தொடக்கூடாதுங்க. தீட்சை வாங்குனவன்தான் தொடலாமுங்க."

நேற்று வரைக்கும் நான் மணிக்கணக்கில் கை வைத்து உரித்த முகம்! கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. சென்னைக்குப் போய்விட்டிருந்த மேடத்துக்குப் போன் செய்தேன். "யோசி, மேரி" என்று வைத்துவிட்டார். யோசிக்க வேண்டியவர் அவரல்லவா! இந்த யோசனையைக் கொடுத்ததே அவர்தானே!

இது போதாதென்று பூஜை. சாமி என்று ஆனபின் விளக்கு, கற்பூரம், மஞ்சள், சந்தனம் எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வேறு. பங்காளிகள் மட்டுமல்ல, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து லைன் வீடுகளில் இருந்த பெண்களெல்லாம் வர ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் அடுத்தவர் குலதெய்வம் என்று வாசலோடு கும்பிட்டுவிட்டுப் போனவர்கள். இப்போது அம்மன் முன்மண்டபத்தில், கைக்கெட்டும் தூரத்தில். செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்த செல்வி என்ற பெண் ஒரு நாள் அகல் விளக்கைச் சுவரோடு ஒட்டி வைத்தாள். கரி நேரே கிளியின் மேல் ஏறுகிறது. விட்டேன் ஒரு சத்தம்.

"என்னக்கா இப்பிடி ஏசுதீய? சாமிக்கு வெளக்குப் போட்டா தப்பா?"

"தள்ளி வையி. கரி பிடிச்சா படம் போயிரும்."

"படமாக்கா? சாமின்னுல்லா சொன்னாவ?"

கேட்டுக்கொண்டே விளக்கைத் தள்ளிவைத்தாள். அடுத்த வாரம் பழையபடி ஒட்டி வைத்தாள்.

நாளுக்கு நாள் கன்னம் உப்பிக்கொண்டு வந்தது. கும்பாபிஷேகத்தன்று செண்டை, ஜெனரேட்டர், ஜனக்கூட்டம் என்று மண்டபமே அதிரும். முகம் அதைத் தாங்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கடைசியில் குருக்களிடமே போனேன். "நீங்கதானே தொடலாம்? நீங்களே போடுங்க ஊசி."

திடுக்கிட்டுப் போவார் என்று நினைத்தேன். "ஊசிதானுங்களே? எனக்கு நானே தெனமும் இன்சுலின் போட்டுக்கறேனுங்க" என்றார்.

சுண்ணாம்பை மல் துணியில் திரும்பத் திரும்ப வடிகட்டினேன். பனியன் துணி ஆகாது, இழை விடும். சலித்த செங்கல் தூளும் பசையும் சேர்த்து மோர் பதத்துக்குக் கொண்டுவந்தேன். குருக்கள் குளித்து ஈர வேட்டியோடு வந்தார். தொடும் தூரத்துக்கு வெளியே நின்றுகொண்டு நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். முதலில் தட்ட வேண்டும். அம்மனின் கன்னத்தில் காதை வைத்து அவர் தட்டியபோது எனக்கு என்னவோ போலிருந்தது. "இங்க சத்தம் வருதுங்க அம்மணி" என்றார். எனக்கு மாதக்கணக்கில் கேட்காத சத்தம் இந்த மனிதருக்கு ஒரே நாளில் கேட்டது, எரிச்சலாகத்தான் இருந்தது. விரிசல் வழியாக ஸ்பிரிட் தண்ணீரைச் செலுத்தி உள்ளிருக்கும் தூசியை நனைக்க வேண்டும். பிறகு கரைசல், சொட்டுச் சொட்டாக. வேகமாக அழுத்தினால் உள்ளே நிரம்பி அந்த அழுத்தத்திலேயே பூச்சு உடைந்து விழும். "மெதுவா, மெதுவா!" என்று நான் கத்த, அவர் ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு மந்திரம் சொன்னார். மந்திரம் நீளமாக இருந்ததால் வேகம் தானாகவே சரியாக இருந்தது. பனியன் வேஸ்ட்டைத் துணியில் பொதிந்து மெத்தை மாதிரி வைத்து, கரைசல் பிடிக்கும் வரை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு நிற்பார். கை கடுத்தாலும் எடுக்கமாட்டார். ஒரு மாதம் போலத் தினமும் பூஜை முடிந்து இது நடந்தது. கடைசியில் தட்டியபோது கன்னத்தில் தொடங்கிக் கிளி வரைக்கும் 'டக்' என்று அடங்கியது. "புடிச்சிருச்சுங்க!" என்று சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார்.

கும்பாபிஷேகம் நடந்தது. செண்டை காதைப் பிளந்தது, ஒரு பொருக்கு விழவில்லை. குருக்கள் சுவரிலிருந்து சக்தியைக் கும்பத்தில் வாங்கி உள்ளே மூலவரிடம் சேர்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெம்போ நிறைய டைல்ஸ் வந்து இறங்கியது.

"இப்பத்தான் சாமி உள்ள போயிருச்சுங்களே" என்றார் பழனிச்சாமி அண்ணன், அதே மரியாதையோடு. "பாலாலயப் பலகையவே வேலை முடிஞ்சா ஆத்துல உட்டுருவோமுங்க. சொவர ஆத்துல உட முடியாது, டைல்ஸ் ஒட்டீர்லாமுங்க." நியாயம் முழுக்க அவர் பக்கம். எனக்கு அழுகைதான் வந்தது. விளக்கோடு வந்த செல்வியும் அவள் கூட்டாளிகளும் வாசலில் திகைத்து நின்றார்கள்.

"அம்மா உள்ள போயிட்டாளாம்லா" என்றாள் ஒருத்தி.

"போனா எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுல்லா போயிருக்கணும்" என்றாள் செல்வி. சொல்லிவிட்டு விளக்கை வழக்கமான இடத்திலேயே வைத்தாள்.

அண்ணன் சங்கடத்தோடு குருக்களைக் கூப்பிட்டார். "சாமி, இவங்களுக்குச் சொல்லுங்க. சக்தி முழுசா உள்ள வந்துருச்சுதானுங்களே?"

குருக்கள் முன்னால் வந்தார். உள்ளே கர்ப்பக்கிரகத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"சொல்ல முடியலீங்க" என்றார்.

"என்னங்க?"

"கும்பத்துல வாங்கறப்ப முழுசா வந்துச்சான்னு எனக்கு உறுதியாத் தெரியலீங்க. கொஞ்சம் சொவத்துலயே நின்னுருச்சோ என்னமோங்க."

பங்காளிகளின் முகமெல்லாம் செத்துவிட்டது. அவ்வளவு பேர் கூடி நடத்திய கும்பாபிஷேகம்! அம்மன் பாதி இங்கே பாதி அங்கே என்றால் அதைவிடப் பெரிய குறை என்ன இருக்கிறது? அண்ணன் சுவரைப் பார்த்தார். பிறகு தன் கையாலேயே செருப்பைக் கழற்றித் தூர வைத்தார், டைல்ஸ் பெட்டிகளைத் திரும்ப ஏற்றச் சொன்னார். நான் குருக்கள் சொன்னதை நம்பினேன். என் வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்த மனிதர் தன் வேலையில் இப்படிக் கோட்டைவிட்டாரே என்று ஆத்திரம்தான் வந்தது.

வேறொரு ஊரிலிருந்து பெரிய குருக்களை வரவழைத்துப் பரிகாரம் செய்தார்கள். சுவரைத் தொட அவருக்கும் துணிச்சலில்லை, அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். மண்டல பூஜை முடிந்த கையோடு நம் குருக்களை நிறுத்தினார்கள். "தப்பா எடுத்துக்காதீங்க சாமி, முழுசா வாங்கத் தெரியாதவர வெச்சு எப்பிடிங்க பூசை பண்றது?" என்று வேட்டி, பழம், தட்டு வைத்துச் சொன்னார்களாம். செய்தி சுற்று ஊர்களுக்கும் பரவி, கும்பாபிஷேகம் என்று யாரும் அவரைக் கூப்பிடுவது நின்றது.

மேடம் அடுத்த முறை வந்தபோது எல்லாவற்றையும் கொட்டினேன். உங்கள் யோசனையால்தான் வந்தது என்றும் சொன்னேன். அதுவரை அவரை அப்படி எதிர்த்துப் பேசியதில்லை. மேடம் சுவரருகே போனார். கிளியின் மேல் கரி, பாதத்தில் மஞ்சள் அப்பிக் கிடந்தது. தட்டிப் பார்க்கக் கை தூக்கியவர் தொடாமல் இறக்கிக்கொண்டார். "அவர் வீடு எங்கே?" என்றார்.

காங்கேயம் போகிற வழியில் ஒரு சின்ன ஓட்டு வீடு. பஸ் இறங்கிப் புழுதியில் நடந்தோம். மேடத்தின் புடவை முதல் முறையாகக் கசங்கியிருந்தது. குருக்கள் எங்களைக் கண்டதும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தார், காப்பி கொடுத்தார். அரிசி மண்டியில் கணக்கெழுதுவதாகச் சொன்னார்.

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். "உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு உண்மையாகவே முழுசாக வரவில்லையா?"

குருக்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ மாதம் கூடவே இருந்தும் அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

"என்ன மேடம் இப்பிடிக் கேக்கறீங்க? பன்னண்டு வயசுலருந்து பண்றனுங்க. ஒரு துளி பாக்கியில்லாம வந்துச்சுங்க!"